விரற்கடை

சவுக்குக் கிளை நூற்றிருபது ரூபாய்.
கீழவாசலில் பேரம் பேசி முடித்து
பைக்கின் பின்னால் அதைக் கட்டிப்பிடித்து
யானைக்கல் வரை கண்ணை மூடிக்கொண்டு வந்தேன்,
முகமெல்லாம் ஊசி இலை.
சிக்னலில் ஒருவர் கேட்டார்:
"ஏம்மா, மரம் உங்களைக் கூட்டிட்டுப் போகுதா?"

பழைய பெயிண்ட் வாளி.
மூலைவீட்டில் மாடி எடுக்கிறவர்களிடம்
கேட்டு வாங்கிய அரை வாளி எம்-சாண்ட்.
நட்டதும் இடப்பக்கம் சாய்ந்தது.
செங்கல் வைத்தோம், வலப்பக்கம் சாய்ந்தது.
"இருக்கட்டும், காத்து வாங்குது" என்றார் இவர்.

ஞானஒளிவுபுரம், இரண்டாம் மாடி,
ஓர் அறை, ஓர் அடுப்படி.
கட்டிலைச் சுவரோரம் நிமிர்த்தி வைத்தால்தான்
மரத்துக்கு இடம்.
ஆகவே இந்தப் பத்து நாளும்
நாலு பேரும் தரையில்.

நான் சுங்குடி நைட்டி தைக்கிறவள்.
உருப்படிக்குப் பதினெட்டு ரூபாய்.
வெட்டியது போக விழுகிற துண்டுகள்
கத்தரிப்பூ, மாம்பழம், மிளகாய்ச் சிவப்பு,
மயில்கழுத்து, பெயர் தெரியாத ஒரு பச்சை
வருஷமெல்லாம் தலையணை உறைக்குள் சேர்ந்தவை.
உள்ளே பஞ்சு வைத்து நூலால் இறுக்கினால் பந்து.
புள்ளி புள்ளியாய்ப் பந்து.
டெல்பின் எழுபதுவரை எண்ணிவிட்டு
எண்ணுவதை விட்டுவிட்டாள்.

இவருக்கு செல்லூரில் லேத்துப் பட்டறை வேலை.
இயந்திரம் உரித்துப்போடும் சுருள்களை
மண்ணெண்ணெயில் அலசிக் கொண்டுவந்தார்.
இரும்பு, சூட்டில் நீலம் பாய்ந்தது.
பித்தளை, பொன்னாகவே சுருண்டது.
தொடாதே தொடாதே என்று பிள்ளைகளிடம் சொல்லிச் சொல்லி
தன் விரல் இரண்டை அறுத்துக்கொண்டார்.

என் சுகர் மாத்திரையின் காலி அட்டைகளை
டெல்பின் வெட்டி மீன்களாக்கினாள்.
மரத்தில் ஏன்டி மீன் என்றேன்.
"மினுங்குதுல்ல."
அகஸ்டினுக்கு ஆறு வயசு.
பவண்டோ மூடி பதினாலு,
என் நகப்பாலிஷ் ஒரு பாட்டில் முழுக்க.

கீழ்வீட்டுப் பேச்சியக்கா வந்து
நெடுநேரம் பார்த்தாள்.
"இது என் நைட்டி இல்ல?"
"ஆமாக்கா, கழுத்துப் பக்கம்."
"அது?"
"எதிர்வீட்டு டீச்சர்."
"இந்த ஊதா?"
"தெரியாதுக்கா. லாரியில கேரளா போச்சு."
அக்கா சிரித்தாள்.
"தெருவையே தொங்கவிட்டிருக்க."

இருபத்து மூன்றாம் தேதி, இரவு இரண்டு மணி.
தண்ணீர் குடிக்க எழுந்தேன்.
செல்போன் வெளிச்சத்தில்
ஜன்னல் இடுக்கிலிருந்து ஒரு கோடு
சுவர் இறங்கி, அகஸ்டின் தலைமாட்டைச் சுற்றி,
வாளி ஏறி, கிளை ஏறி,
நகர்ந்தது.
எறும்பு.
கடலைமிட்டாய் எட்டுத் துண்டு
ஜிகினாத்தாளில் சுற்றி, என் தையல் நூலில்.
யாரும் பார்க்காதபோது கட்டியிருக்கிறான்.
மரத்துக்குப் பசிக்குமாம்.
மறுநாள் சொன்னான்.

இவரும் எழுந்தார். ஒன்றும் பேசவில்லை.
அலமாரி மேலிருந்து
லட்சுமணரேகை சாக்பீஸை எடுத்து
மரத்தைச் சுற்றி வட்டம் போட்டார்,
குடிலையும் சேர்த்து.
மாதா, சூசையப்பர், மூன்று ஆடு,
ஒட்டகம் உடைந்துபோனதால் அதன் இடத்தில் நிற்கும்
பிளாஸ்டிக் ஒட்டகச்சிவிங்கி
எல்லோரும் கோட்டுக்கு உள்ளே.
குழந்தை மட்டும் அரிசி டப்பாவுக்குள்.
நாளை நள்ளிரவுதான் இறங்கும்.

"எந்தக் கதைக் கோட்டை
எந்தக் கதைக்குப் போடுறீங்க?"
"எறும்பு எதைப் படிச்சிருக்கு? படு."

அவர் குறட்டை ஆரம்பித்ததும்
மிட்டாய்களை ஒவ்வொன்றாய் அவிழ்த்தேன்.
ஏழு.
தாழ்ந்த கிளையில் ஒன்றை
அப்படியே விட்டேன்.
பிறகு ஈரத்துணியை விரலில் சுற்றி
ஜன்னல் பக்கம் கோட்டில்
ஒரு விரற்கடை அழித்தேன்.
ஏன் என்று என்னைக் கேட்காதீர்கள்.
தூக்கக் கலக்கம்.

விடிந்தபோது
வந்துகொண்டுதான் இருந்தன.
ஒட்டகச்சிவிங்கியின் கால்களுக்கு இடையில் நுழைந்து
வைக்கோலைத் தாண்டி
ஒன்று கடலைத்துணுக்கோடு திரும்பியது,
தன்னைவிடப் பெரிய துணுக்கு.

இவர் குந்தி உட்கார்ந்து
சாக்பீஸை இப்படியும் அப்படியும் திருப்பினார்.
முகர்ந்தும் பார்த்தார்.
"டூப்ளிகேட்டைக் குடுத்துட்டான்" என்றார்.
நான் காப்பி ஆற்றிக்கொண்டிருந்தேன்.